மாதா படத்துக்குப் பின்னால்

மூன்றாவது முறையாக மெத்தையை மொட்டைமாடிக்குச் சுமந்தபோது அமலிக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. கணவன் இனிகோ சரக்குத் தோணியில் மாலத்தீவு போய்த் திரும்பிய மாதம் தொடங்கியது இந்த மூட்டைப்பூச்சித் தொல்லை. விரிப்பில் கருப்புப் புள்ளிகள், பிள்ளைகளின் முதுகில் வரிசையாகத் தடிப்புகள். துணிகளைக் கொதிநீரில் முக்கினாள், கட்டில் சந்துகளில் மருந்தடித்தாள். பத்தே நாளில் மறுபடியும் கடி.

கரையேறியதும் இனிகோ பையைக் கட்டில் தலைமாட்டில், மாதா படத்துக்கு அடியில்தான் வைப்பான். ஞாயிறு பூசை கண்ட பிறகே பிரிப்பான். அவன் அப்பாவும் அப்படித்தான்.

வெறுங்கட்டிலில் அலுத்து உட்கார்ந்தவள் நிமிர்ந்தாள். படச்சட்டத்துக்குக் கீழே சுவரிலும் அதே கருப்புப் புள்ளிகள். அந்த வீட்டில் அவள் உதறிப் பார்க்காத ஒரே பொருள் அதுதான். ஸ்டூலைப் போட்டு ஏறினாள்.

“ஏளா, மாதா படத்துல கைய வைக்காத!” என்று உள்ளே வந்த இனிகோ பதறினான்.

அவள் கழற்றித் திருப்பினாள். பின்னட்டை ஓரமெல்லாம் மூட்டைப்பூச்சி அப்பிக்கிடந்தது.

“இனிமே பைய வாசல்லயே பிரிக்கணும். துணி நேரா கொதிதண்ணிக்குப் போவணும்,” என்றாள்.

“பூசைக்கு முந்தி பையப் பிரிச்சா மாதா கோவிச்சுக்கிட மாட்டாளா?”

“அவ கையில இருக்க பிள்ளைய ஒண்ணும் கடிக்கல. எம்பிள்ளையளத்தான் கடிச்சிருக்கு.”