அவன் பாதி பற்றவைத்த பைப்பு

எங்கள் வெல்டிங் பட்டறை வீட்டை ஒட்டியே இருந்தது. சங்கராபுரத்திலிருந்து மூங்கில்துறைப்பட்டுக்குப் போகிற சாலையில் ஒரு தகரக் கொட்டகை. கரும்பு அரவை தொடங்கிவிட்டால் டிராக்டர் பெட்டிகள் சாலையோரம் வரிசையாக வந்து நிற்கும். கொக்கி பிய்ந்தது, அச்சு விரிந்தது, பக்கத் தகடு கிழிந்தது என்று எது வந்தாலும் என் மகன் பற்றவைத்துக் கொடுப்பான். உள்ளே வெல்டிங் ராடு பிடித்திருப்பது அவனா, என் மருமகளா என்று நான் சமையற்கட்டிலிருந்தே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். அவன் போட்டால் எண்ணெய்ச் சட்டியில் வடை வேகிற மாதிரி ஒரே சீராக இருக்கும். அவள் போட்டால் நடுவில் கொஞ்சம் தணியும், பிறகு ஏறும், மூச்சு வாங்கிக்கொள்கிற மாதிரி.

மருமகளும் போடுவாள். கட்டிக்கொண்டு வந்த புதிதில் இரும்பைப் பிடித்துக் கொடுத்தாள். அப்புறம் கிரைண்டர் பிடித்தாள். வேலை தாங்காத ஓர் அரவைக் காலத்தில் ராடையும் கையில் வாங்கிக்கொண்டாள். தார்ப்பாய் மறைவில் உட்கார்ந்துதான் போடுவாள். பொம்பளை வைத்த வெல்டிங் என்று தெரிந்தால் டிராக்டர்காரர்கள் பெட்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். நான் ஆம்பிளைகள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுகிறவள். அவள் தார்ப்பாய்க்குப் பின்னால், நான் கதவுக்குப் பின்னால். எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் அவன் நின்றுகொண்டிருந்தான்.

வெல்டிங்குக்குப் பரீட்சை உண்டு, சர்ட்டிபிகேட் உண்டு என்பதே அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதிலும் பல தினுசு. தகட்டைப் படுக்க வைத்துப் போட ஒன்று. நிறுத்தி வைத்துக் கீழேயிருந்து மேலே ஏற்றிப் போட ஒன்று. தலைக்கு மேலே அண்ணாந்து போட ஒன்று. எல்லாவற்றையும்விடக் கஷ்டம் பைப்பு. அதைச் சாய்வாகக் கட்டிவிடுவார்கள். திருப்பக் கூடாது. ஆள்தான் அதைச் சுற்றிக் குனிந்து, மண்டி போட்டு, கழுத்தைத் திருப்பி முழுச் சுற்றும் போட்டு முடிக்க வேண்டும். சிக்ஸ் ஜி என்று அதற்குப் பேர்.

"அது மட்டும் கைல இருந்தா கடல் தாண்டிப் போலாம்மா" என்றான்.

"கடல் தாண்டி இன்னாத்துக்குடா?"

"உனுக்கு மாடி வூடு கட்டத்தான்."

"ஏறுனா முட்டி வலிக்குது. எனுக்கு எதுக்கு மாடி?"

"அத்தைக்கு லிப்ட்டும் சேத்து வெச்சிக் குடுங்க" என்றாள் மருமகள். மூன்று பேரும் சிரித்தோம்.

பட்டறைக்குப் பக்கத்து வேப்பமரத்தில் இரண்டு பைப்புத் துண்டுகளை முனைக்கு முனை சேர்த்து, சாய்வாக வைத்துக் கட்டினான். ஒரு நாள் காலையில் அடிப்பக்கத்திலிருந்து தொடங்கி ஒரு பக்கமாக உச்சி வரைக்கும் போட்டான். பாதிச் சுற்று முடிந்தபோது போன் வந்தது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர் உளுந்தூர்பேட்டைக்கு வந்திருக்கிறார், எந்தப் பரீட்சை எழுத வேண்டும் என்று நேரில் கேட்டுக்கொள்ளலாம் என்றார்கள். போட்ட இடத்தில் மேலே படிந்திருந்த கசடைக்கூடத் தட்டவில்லை. முகமூடியைக் கிளையில் மாட்டினான்.

"வந்து மீதியப் போட்டுக்கிறேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

திரும்பி வரும்போது விளக்கு வைக்கிற நேரம். சாலையில் கரும்பு ஏற்றிய பெட்டி ஒன்று பழுதாகி நின்றிருக்கிறது. பின்னால் விளக்கு இல்லை. சிவப்பு வில்லைகூட ஒட்டியிருக்கவில்லை. அந்தப் பெட்டியே அவன் பற்றவைத்ததுதான் என்று சாவு வீட்டில் யாரோ சொன்னார்கள். யார் என்று பார்க்க நான் தலையை நிமிர்த்தவில்லை.

காரியம் முடிந்த பிறகு அவளுடைய அண்ணன் வந்தான். கல்வராயன் மலை அடிவாரத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் மரவள்ளி நிலம். மூட்டை முடிச்சைக் கட்டச் சொன்னான். அவள் நகரவில்லை.

"டெஸ்ட்டு எழுதி வேலைக்குப் போறேண்ணே. ஓசூர் பக்கம் லாரிப் பொட்டி கட்ற கம்பெனில பொம்பளைங்கள எடுக்குறாங்க. ஆஸ்டலும் உண்டு."

"இன்னா அத்தே இது? எந் தங்கச்சிய நெருப்புல குந்த வெச்சிக்கினு நீங்க வேடிக்க பாக்குறீங்களா?"

அவள்தான் சொன்னாள்: "இங்க நெருப்பு மட்டுந்தாண்ணே தெறிக்கும். நம்ம வூட்ல அண்ணியோட வார்த்த தெறிக்கும். அதுக்கு முகமூடி விக்கிறாங்களா?"

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டுக் கோபப்பட்டான். "பொங்கல் வரிக்கும் பாக்குறேன். பாஸ் பண்ணலன்னா நானே வந்து இட்டுக்கினு பூடுவேன்."

அப்போதே எனக்குப் புரிந்துபோயிற்று. பாஸ் பண்ணினால் ஓசூருக்குப் போவாள். பண்ணாவிட்டால் மலையடிவாரத்துக்குப் போவாள். எப்படியும் இந்த வீட்டில் இருக்கப் போவதில்லை. இருந்தும் அவள் பாஸ் பண்ண வேண்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டேன். ஓசூரிலிருந்து என்றால் லீவு நாளுக்கு வருவாள் என்று ஓர் ஆசை.

அப்புறம் ஒரு நாள் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வேப்பமரத்துப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஒரே சீராக, நடுவில் தணியாமல் வந்தது. பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். என்ன நினைத்துக்கொண்டு ஓடினேன் என்று எனக்கே தெரியும், எழுத வரவில்லை. அவன் கட்டிய பைப்புக்குப் பக்கத்தில் அதே சாய்வில் இன்னொரு பைப்பைக் கட்டி, அவனுடைய முகமூடியைப் போட்டுக்கொண்டு, மண்டி போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். நான் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கண்ண மூடுங்க அத்தே! மூடுங்க!"

சாயங்காலத்துக்குள் இரண்டு கண்ணிலும் மணலைக் கொட்டின மாதிரி ஆகிவிட்டது. உருளைக்கிழங்கை வட்டமாக அரிந்து வந்து கண்மேல் வைத்தாள். பக்கத்தில் படுத்துக்கொண்டு வில்லை சூடாகும்போதெல்லாம் மாற்றினாள்.

"அழுவாதீங்க அத்தே. அழுதா ஜாஸ்தியா எரியும்."

"நானு எங்க அழுவுறேன்? கெழங்குத் தண்ணி" என்றேன்.

அவளும் அழுதுகொண்டிருந்தாள். எனக்குக் கண் தெரியாவிட்டாலும் மூக்கு உறிஞ்சுவது கேட்டது.

பரீட்சை திருச்சிப் பக்கம் ஒரு சோதனைக் கூடத்தில். துணைக்கு நானும் போனேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வேறு பஸ் மாறினோம். உளுந்தூர்பேட்டை வருவதற்கு முன்னால் அவன் போய் மோதின இடம். ஒரு சின்னப் பாலம், தாண்டினால் புளியமரம். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அவள், "அங்க வெயில் அடிக்குது, இப்டி வாங்க" என்று என்னை மாற்றி உட்கார வைத்துவிட்டாள். வெயில் அந்தப் பக்கமே இல்லை. நான் மாறி உட்கார்ந்தேன். அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

சோதனைக் கூடத்தில் இருந்தவர் வழுக்கைத் தலை, பூதக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். எந்தப் பரீட்சை என்று கேட்டார்.

"பைப்பு சார். சிக்ஸ் ஜி."

"எந்த வேலைக்குப் போறதுக்கும்மா?"

லாரிப் பெட்டிக் கம்பெனியைச் சொன்னாள்.

"அவங்க கேக்கறது நிறுத்தி வெச்ச பிளேட்டு. த்ரீ ஜி போதுமே. ஏன் பைப்புக்குப் போற?"

"பைப்பு பாஸ் பண்ணா பிளேட்டும் அதுக்குள்ளயே வந்துடும்னு எங்க வூட்டுக்காரரு சொல்லியிருக்காரு சார்."

"வாஸ்தவம்தான். பாஸ் பண்ணினா வரும்" என்றார் அவர்.

அன்றைக்குப் பரீட்சைக்கு வந்தவர்களில் பொம்பளை இவள் ஒருத்திதான். நான் வெளியே சுவரோரமாக முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து எத்தனையோ சத்தங்கள் வந்தன. நான் அவளுடையதைக் கண்டுபிடித்துவிட்டேன். முதலில் சீராகத்தான் இருந்தது. மறுபாதிக்கு அடிப்பக்கம் வந்திருப்பாள் போல, அங்கே தணிந்தது. அந்தப் பழைய மூச்சு.

போட்டு முடித்த பைப்பிலிருந்து பட்டை பட்டையாக அறுத்து எடுத்தார்கள். ஒவ்வொரு பட்டையையும் மிஷினில் வைத்து லாடம் மாதிரி வளைத்தார்கள். பற்றவைத்த இடம் வளைந்துகொடுக்க வேண்டும், விரியக் கூடாது. மற்றதெல்லாம் வளைந்தன. அடிப்பக்கத்துப் பட்டை மட்டும் வளையும்போது வாய் திறந்தது. என்னையும் உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். நகக்கண் அளவு பிளவு.

"ஒண்ணு திறந்தாலும் பெயில்தான்மா. உன் கை நல்ல கை. எதுக்காக இதைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறே?"

அவள் கையுறையைக் கழற்றாமல் நின்றாள். "அவரு இதத்தான் எழுதறதா இருந்தாரு சார்."

அந்த மனுஷர் பூதக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "அவர் போக இருந்த வேலைக்கு அது சரி. நீ போற வேலைக்கு எது சரியோ அதை எழுது தாயி. இன்னொரு நாள் வா" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பாலம் தாண்டிய பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"பிளேட்டே எழுதிடறேன் அத்தே."

"செய்யிம்மா" என்றேன்.

நல்ல முடிவுதான். எனக்கும் தெரியும். ஆனால் அவள் வேப்பமரத்தடியில் பைப்புக்கு அடியில் மண்டி போட்டிருந்த வரைக்கும், அவன் போக இருந்த ஊருக்குப் போகிற வழி எங்கேயோ திறந்துதான் இருக்கிறது என்று நான் ஒரு மாதிரி நம்பிக்கொண்டிருந்தேன். இனி அந்த ஊருக்கு எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகப் போவதில்லை.

மறுநாளே கொட்டகைக்குள் இரண்டு ஆங்கிள் கம்பியை ஊன்றி, தகட்டை நிறுத்திவைத்துப் போட ஆரம்பித்தாள். மரத்திலிருந்து தன் பைப்பை அவிழ்த்துவிட்டாள். அவனுடையதை அவிழ்க்கவில்லை. அந்தப் பக்கம் பெருக்கக்கூடப் போகவில்லை, நான்தான் பெருக்கினேன்.

பொங்கலுக்கு முன்னாலேயே இரண்டாம் தரம் போனோம். இந்தத் தடவை சத்தம் தணியவில்லை. அவனுடையது மாதிரியும் இல்லை. அது வேறு ஒரு சத்தம், அவளுடையது. வளைத்த பட்டைகளை அந்த வழுக்கைத் தலைக்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், விரலால் தடவினார், "ஒண்ணும் வாயத் திறக்கலை" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் என்னைத் தேடினாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவள் மேலெல்லாம் புகை வாசனை. என் மகன் சாப்பிட வந்து உட்காரும்போது வருகிற அதே வாசனை.

அண்ணன் பொங்கலுக்குக் கரும்பும் வாழைத்தாரும் கொண்டுவந்தான். "பாஸ் பண்ட்டியாமே" என்றான். அவனே அவளை ஓசூரில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. ஆஸ்டலில் வேலை பார்க்கிறவர்களைத் தவிர வேறு யாரும் தங்கக் கூடாதாம். நான் அதைக் கேட்கவே இல்லை, அவளாகத்தான் விசாரித்துவிட்டு வந்து சொன்னாள்.

கிளம்புகிற அன்று காலையில் அவள் வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். நான் பக்கத்தில் போனேன்.

"இது பாதியாவே கீதேம்மா. நீ முடிச்சிட்டுப் போயேன்" என்றேன். என் மகன் சாகும்போது மீதம் வைத்துவிட்டுப் போனது எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். இதையாவது முடித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

அவள் பைப்பைத் தொடாமல் விரலை மட்டும் கிட்டே கொண்டுபோய்க் காட்டினாள். "அவரு நிறுத்துன எடத்துல அப்டியே தொடர்ந்து போட முடியாது அத்தே. ஆறிப் போச்சு, துருவும் ஏறிடுச்சு. அந்த முனையக் கிரைண்டர் வெச்சித் தேய்க்கணும். அவரு போட்டதுல கொஞ்சம் போவும். அப்பத்தான் மேல போடறது புடிக்கும்."

"தேய்க்காம போட்டா?"

"புடிச்ச மாதிரி தெரியும். உள்ள புடிக்காது."

அண்ணன் வண்டியில் ஹாரன் அடித்தான்.

"என்னால தேய்க்க முடியாது அத்தே" என்றாள்.

"வேணாம்மா. இருக்கட்டும்."

முகமூடியைக் கிளையில் மாட்டப் போனாள். நான்தான் வாங்கி அவள் பைக்குள் வைத்தேன்.

இப்போது கொட்டகை பூட்டிக் கிடக்கிறது. டிராக்டர்காரர்கள் வேறு பட்டறைக்குப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் போன் பண்ணுவாள். ஆடிக்கும் அடுத்த பொங்கலுக்கும் வந்தாள், அப்புறம் வேலை ஜாஸ்தி என்றாள்.

போன மழையில் மலைப் பக்கமிருந்து காற்றும் சேர்ந்து அடித்தது. விடிந்து பெருக்கப் போனேன். பைப்பின் மேல் இத்தனை நாள் ஒட்டிக்கொண்டிருந்த கசடு தானாகவே உரிந்து கீழே விழுந்திருந்தது. அவன் தட்டாமல் விட்டுப் போன கசடு. அது மூடியிருந்த இடத்தில் அவன் வைத்த வெல்டிங் இன்றைக்குக் காலையில் வைத்த மாதிரி பளபளவென்று இருந்தது. மேலே தொட்டேன். சில்லென்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னேன். அவளுக்குப் பின்னால் யாரோ பெண்கள் பேசிச் சிரிப்பது மட்டும் கேட்டது.

"பளபளன்னா கீது?"

"ஆமாம்மா."

"இனிமே துரு ஏறிடும் அத்தே. எண்ணெ தொட்டு வெய்ங்க."

வைக்கிறேன். தினமும் காலையில் பெருக்கிவிட்டுத் துணியில் எண்ணெய் தொட்டுத் துடைக்கிறேன். அடியிலிருந்து தொடங்கி மேலே போகிறேன், உச்சிக்கு வந்ததும் விரல் ஒரு குழியில் இறங்குகிறது. அங்கேதான் அவனுக்குப் போன் வந்தது.