அரக்கு வைத்த ரேடியோ

சண்டைக்காலத்தில் பொன்னமராவதிப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் ரேடியோவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கார் பேட்டரியில் ஓடும் பெட்டி. சாயங்காலம் தமிழ்ச் செய்தி நேரத்துக்கு ஊரே வாசலில் கூடிவிடும். பாதி வீட்டு ஆம்பளைகள் ஜப்பான்காரன் பிடித்துவிட்ட மலேயாவில் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் செய்தி ஆரம்பித்ததும், தண்ணிக்குள் இருந்து பேசுவதுபோல் குரல் கலங்கி அமுங்கியது. பிறகு வெறும் இரைச்சல். அந்த வீட்டுக் காரியஸ்தர் அத்தனை பேர் நடுவிலும் எழுந்து, "நல்ல வால்வைக் கழட்டி வித்துட்டு ஓட்டை வால்வைப் போட்டிருக்கான், திருட்டுப்பய!" என்றார். வால்வு என்பது பெட்டிக்குள் எரியும் கண்ணாடிக் குழல்; அப்போது அது கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் எல்லாரும் நம்பிவிட்டார்கள். நான் பெட்டி முன்னால் போய் நின்றேன்.

"பெட்டியில கோளாறு இல்லீங்க. வானத்துல ஏதோ கலங்கியிருக்கு. முந்தியும் ஒருக்கா இப்படித்தான் ஆச்சு, ரெண்டு மூணு நாள்ல தானா சரியாச்சு."

"வானம் ரிப்பேராம்ல!" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. திருடியதை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் போலீசுக்குப் போகமாட்டாராம். காகிதத்தை நீட்டினார். போய்யா, நீயும் உன் காகிதமும்! நாக்கு நுனிவரை வந்ததை முழுங்கிக்கொண்டேன்.

"எழுத மாட்டேங்க. பின்மூடியில அரக்கு வெச்சு ஒங்க முத்திரையக் குத்துங்க. மூணு நாள்ல தானாப் பேசலைன்னா நானே ஸ்டேஷனுக்கு நடந்து போறேன்."

குத்தினார். மறுநாளும் இரைச்சல்தான். ஜம்பமாகச் சொல்லிவிட்டேனே தவிர, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

காரணம் எனக்குத் தெரிந்தது பல வருசம் கழித்துத்தான். பூமியின் காந்த நடுக்கோடு நம்ம பக்கமாகத்தான் போகிறதாம். அதற்கு மேலே, உயரத்தில், பகலில் கிழக்குப் பார்த்து ஒரு மின்புலம் இருக்கும். சூரியனிலிருந்து காந்தப் புயல் வந்து மோதினால் அது தாறுமாறாகும், சில சமயம் மேற்கே திரும்பியும்விடும். ரேடியோ அலையைத் தரைக்குத் திருப்பி அனுப்பும் அயனி அடுக்கும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கிக் கலங்கும். இதெல்லாம் அன்றைக்கு யாருக்குத் தெரியும்? என் கை சுத்தம் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் குமிழைத் திருகினேன். கணீரென்று தமிழ்! அரக்கு உடையாமல் அப்படியே இருந்தது. காரியஸ்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி சரி, சத்தத்தைக் கூட்டு" என்றார்.

நான் பெட்டியை அணைத்துவிட்டேன்.

"எல்லார் முன்னாலயும் திருடன்னீங்க. இப்ப எல்லார் முன்னாலயும் இல்லேன்னு சொல்லுங்க."

கூட்டம் பதறியது. புருசனை மலேயாவுக்கு அனுப்பிவிட்டு வழி பார்த்திருந்த ஒரு பொம்பளை, "அட, சொல்லித் தொலைங்களேன்! செய்தி போகுதுல்ல!" என்று அவரைப் பார்த்துக் கத்தியது.

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "திருடன் இல்லை" என்று முனகினார்.

"கேக்கலீங்க," என்றேன். "சத்தத்தைக் கூட்டுங்க."