கார்டு காட்டினால் திறக்கும் கதவு

எனக்குப் பெருங்குடலில் புண். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே குடலைக் குதறி வைக்கிற வியாதி. ஸ்டீராய்டு மாத்திரையால் என் முகம் ஊதிக் கிடக்க, நீலசந்திராவில் எங்கள் தெருவே "சதை போட்டு நல்லாயிட்டியே" என்று கண் வைத்தது. எரிச்சல் எரிச்சலாக வரும்.

அதனால்தான் ஓர் ஆராய்ச்சிக்கூடம் எங்களைப் போன்ற நோயாளிகளைக் கூட்டத்துக்கு அழைத்தபோது, லீவு போட்டுவிட்டுப் போனேன். என்னை மேடையில் ஐந்து நிமிடம் பேசவும் சொல்லியிருந்தார்கள். ஆராய்ச்சியாளர் திரையில் படம் காட்டினார். தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு சிறிய நானோ துகள், அதற்குள் மருந்து. அது நேரே புண்ணுள்ள இடத்துக்குப் போய், அங்கே வெறிபிடித்து நிற்கும் எதிர்ப்பு அணுக்களை மட்டும் அடக்கும், மற்ற உடம்பைத் தொடாது. எலிகளிடம் பலன் தெரிகிறதாம். மனிதர்களுக்கு எப்போது என்று கேட்டால் சிரித்தார். ஆனாலும் நம்பினேன். பழைய முகம் திரும்பக் கிடைக்கும் என்று ஆசையாக இருந்தது.

இடைவேளையில் மிளகாய் பஜ்ஜி கொடுத்தார்கள். குடல் புண்காரர்களுக்கு! நான் தொடவில்லை. இருந்தும் வயிறு முறுக்கியது. இந்த வியாதியில் வந்தால் அந்த நிமிடமே போயாக வேண்டும். ஓடினேன். அந்த மாடியின் கழிவறை, கார்டு காட்டினால்தான் திறக்குமாம்.

"கார்டு பேக்கு மேடம்" என்று கார்டு வேண்டுமெனக் கன்னடத்தில் சொன்னார் காவலாளி. என் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். "ஸ்டாஃபுக்கு மட்டும்தான்க்கா. விசிட்டருங்க கீழ கேட்டாண்ட போணும். எனக்கே கார்டு குடுக்கல."

"தாங்காதுண்ணா. யாரையாவது கூப்டுங்க."

பாவம், அவர் ஓடத்தான் செய்தார். கார்டோடு ஓர் அம்மா வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உள்ளே போய் முடிந்தவரை கழுவி, துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. குடலின் மூலை முடுக்கெல்லாம் ஒரு துகளுக்கு வழி கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களுக்கு, அந்தக் குடலைச் சுமந்துகொண்டு ஓர் ஆள் வருவாள் என்று தோன்றவில்லையே!

மைக்கில் என் பெயரை அழைத்தார்கள். வீட்டுக்கு ஓடிவிடலாம் என்று படிக்கட்டு வரை போனேன். பிறகு திரும்பி வந்து மேடையேறினேன். முன்வரிசையில் ஒருவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். பொத்தட்டும்.

ஆராய்ச்சியாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காந்து பேசுங்க மேடம்" என்றார்.

"உக்கார முடியாது சார்," என்றேன் மைக்கில். "ஏன்னு சொல்லத்தான் வந்திருக்கேன்."