டிவிடி ரைட்டருக்குத் தரம் பார்த்தவர்

மஸ்கெலியாவிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் மேலே ஏறினால் எங்கள் தோட்டம். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு அங்கே சொந்தமாகக் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான், தேயிலைத் தொழிற்சாலையின் டீமேக்கர் ஆண்டியப்பன். கொழுந்து உள்ளே வருவதிலிருந்து தூளாகி மூட்டையில் ஏறும்வரை எல்லாம் அவர் பொறுப்பு. அரைத்த கொழுந்தை ஒரு கைப்பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனால் போதும், பதம் வந்துவிட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் தூளுக்குக் கொழும்பு ஏலத்தில் நல்ல பெயர் இருந்ததென்றால் அதற்கு அந்த மூக்குத்தான் காரணம்.

ஆனால் அந்த மூக்கு உலகத்தில் உள்ள சகல பொருளுக்கும் பொருந்தும் என்று அவர் நம்பிவிட்டார். தையல் மெஷின், பசுமாடு, கல்யாண மாப்பிள்ளை, கோயிலுக்கு வந்த பிரசங்கி என்று எதை முன்னால் நிறுத்தினாலும் தரம் சொல்வார். தோட்டத்துக்குப் புதிதாக வந்த டாக்டரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரெண்டாந்தரம்" என்றார். அடுத்த மாதம் காய்ச்சல் வந்தபோது அந்த இரண்டாந்தரத்திடமேதான் போனார்.

கம்ப்யூட்டர், மகள் பிரியந்தியின் படிப்புக்காக வாங்கியது. அவள் படித்து முடித்து ஹட்டனில் ஒரு வங்கியில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். திரையின் மேல் கடையில் போட்ட பாலித்தீன் உறை மட்டும் அப்படியே இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் சாமி படங்களுக்குச் சாம்பிராணி காட்டிவிட்டு அவருடைய மனைவி மீனம்மா அதற்கும் ஒரு சுற்றுக் காட்டுவார்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியன். கோயில் கமிட்டியில் அவர் தலைவர், நான் செயலாளர். அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவை ஹட்டனிலிருந்து கிஷாந்த் என்ற பையன் வந்து வீடியோ எடுத்தான். அவன் கடையில் வீடியோவும் உண்டு, கம்ப்யூட்டர் வியாபாரமும் உண்டு. படத்தை டிவிடியில் எழுதி, திருவிழாவுக்கு உழைத்த நாற்பது குடும்பங்களுக்கும் ஆளுக்கொன்று கொடுப்பதென்று கமிட்டியில் முடிவாயிற்று.

"ரெண்டு நாள்ல எழுதிக் குடுத்துர்றேங்கய்யா" என்றான் கிஷாந்த்.

ஆண்டியப்பன் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். "நம்மகிட்ட கம்ப்யூட்டர் இருக்கையில வெளிய எதுக்கு? எழுதுற மெஷின் ஒண்ணு வாங்கி உள்ள பொருத்திக்கிட்டா, வருஷா வருஷம் நாமளே எழுதிக்கலாம். ஆனா கண்ண மூடிக்கிட்டு வாங்க மாட்டேன். ரெண்டு மூணு கொண்டாந்து மாட்டு, பாத்துச் சொல்றேன்."

வெளியே வைத்து வயரால் இணைக்கிற ரைட்டரும் இருக்கிறதென்று கிஷாந்த் சொல்லிப் பார்த்தான். "வெளிய கெடந்தா ஆளாளுக்குத் தூக்கிட்டுப் போவாங்க" என்று அது பேச்சோடு தள்ளுபடி ஆனது. தொழிற்சாலைக்குப் பிரிண்டர் மையெல்லாம் அவன் கடையிலிருந்துதான் போகும். அதனால் மறுத்துப் பேசாமல், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறுப்பு நிறத்தில் ஒன்று, வெண்ணெய் நிறத்தில் ஒன்று என இரண்டு ரைட்டர்களைக் கொண்டுவந்து கம்ப்யூட்டருக்குள் மாட்டினான். திருவிழாப் படத்தையும் அதில் ஏற்றினான். புறப்படும்போது ஒன்றே ஒன்று சொன்னான்: "டிஸ்க் மட்டும் நல்லதா வாங்கிப் போடுங்கய்யா. மட்டமானதுல எழுதினா பாதியில நின்னுரும்."

மறுநாளே ஆண்டியப்பன் ஹட்டன் பஸ் ஸ்டாண்டு நடைபாதையில் ஒரு கட்டு டிஸ்க் வாங்கி வந்தார். உறையில் கம்பெனிப் பெயர்கூட இல்லை. சோதனைக்கு எதற்கு நல்ல டிஸ்க் என்பது அவர் கேள்வி.

சோதனை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நடந்தது. தொழிற்சாலைப் பேரேடு ஒன்றில் அவர் கட்டம் போட்டிருந்தார். சத்தம், சூடு, வாசனை, தட்டு வெளியே வரும் வேகம் என்று ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி. சாட்சிக்குக் கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டிருந்தார். நானும் போனேன். அவர் வீட்டில் வடை நன்றாக இருக்கும்.

முதலில் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்தார். ரைட்டர் சுற்றும்போது தண்ணீர் ஆடுகிறதா என்று குனிந்து பார்த்தார். மீனம்மா வந்து கிளாஸை எடுத்துக்கொண்டு போனார். பிறகு தட்டை வெளியே வரவழைத்து மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தார்.

"என்னா வாசம் வருதுங்க?" என்று கேட்டேன்.

"புது பிளாஸ்டிக். இன்னும் பதம் வரல" என்றார். எழுதிக்கொண்டார்.

கறுப்பு ரைட்டரில் எழுதிய முதல் டிஸ்க் நூற்றுக்குத் தொண்ணூறு வீதத்தில் நின்றுபோனது. இரண்டாவதும் அப்படியே. விடுமுறை நாளென்று வீட்டிலிருந்த பிரியந்தி டிஸ்க்கை எடுத்துப் பார்த்தாள்.

"டிஸ்க்தான்ப்பா மட்டம். ரைட்டர்ல ஒண்ணும் கொறையில்ல."

"ஃபேக்டரியில நல்ல உருட்டு மெஷினா இருந்தா முத்துன கொழுந்தக்கூட சமாளிக்கும்மா. கெட்டிக்காரத்தனம் அதுலதான் தெரியும்" என்று அவர் புள்ளியைக் குறைத்தார்.

மூன்றாவது டிஸ்க் பாதி ஏறியிருக்கும். ஆண்டியப்பனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தொழிற்சாலையில் கொழுந்து பதமாகும்போது நடுநடுவே அள்ளிப் பார்ப்பதுதான் அவருடைய இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம். இதுவரை எழுதியது எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கப் பொத்தானை அமுக்கினார். தட்டு வரவில்லை. மறுபடி அமுக்கினார். பிறகு ரைட்டரின் முகப்பில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துவாரம் இருப்பதைக் கண்டுபிடித்தார்.

"மீனம்மா, ஒரு சேலைப் பின் கொண்டா."

"எழுதிக்கிட்டு இருக்கும்போது தொறக்கக் கூடாதுப்பா" என்றாள் பிரியந்தி.

"பாக்காம எப்படிம்மா தரம் சொல்றது?"

பின் உள்ளே போனது. பூனையின் வாலை மிதித்ததுபோல ஒரு சத்தம் கேட்டது. தட்டு கால்வாசி வெளியே வந்து, கோணலாகி, அங்கேயே நின்றுகொண்டது. அதற்குப் பிறகு அது உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. ஆண்டியப்பன் பேரேட்டைத் திறந்து, 'கறுப்பு: உறுதி போதாது. நிராகரிக்கப்படுகிறது' என்று எழுதி என்னிடம் நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். வாயில் வடை இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் சொல்ல என்னிடம் இல்லை.

வெண்ணெய் நிற ரைட்டருக்கு வேறு விதமான கஷ்டம் வந்தது. ஒன்று கெட்டுப்போனதால் அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எழுதினால் தேய்ந்துவிடும் என்று அதில் எதையும் எழுதவே இல்லை. பிரியந்தியின் பழைய பாட சிடிக்களைப் போட்டு, ஓடுகிறதா என்று மட்டும் வாராவாரம் பார்த்தார். இப்படியே ஆறு வாரம் போனது.

இந்த ஆறு வாரத்தில் பேச்சியம்மா என்னைத் தேடி மூன்று தடவை வந்தாள். மேல் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்த கொழுந்துக்காரி. புருஷன் இல்லை. பத்து வயதில் தர்ஷினி என்று ஒரு மகள். தேருக்கு முன்னால் கும்மியடித்த பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. பேச்சியம்மாவுக்குக் குவைத்தில் வீட்டு வேலைக்கு விசா வந்துவிட்டது.

"வர்ற வெள்ளிக்கெழம போறேங்க மாஸ்டர். அந்த டிவிடி ஒண்ணு கெடச்சா எடுத்துட்டுப் போயிருவேன். போற வீட்ல பாக்குற மெஷின் இருக்காம், ஏஜென்சியில சொன்னாங்க. ரெண்டு வருசம் புள்ளயப் பாக்க முடியாதில்லைங்களா."

அது மூன்றாவது தடவை. அவளையும் கூட்டிக்கொண்டு டீமேக்கர் வீட்டுக்கே போனேன். அவர் வாசலில் நின்றபடி கேட்டுவிட்டு, அன்பாகத்தான் பதில் சொன்னார்.

"அவசரப்பட்டா சரக்குக் கெட்டுப்போகும் புள்ள. இன்னும் ரெண்டு சோதன பாக்கி. நீ போயிட்டு வா, வந்ததும் மொத டிவிடி ஒனக்குத்தான்."

"நான் வர்றதுக்கு ரெண்டு வருசம் ஆகுங்கய்யா."

"அதுக்குள்ள முடிஞ்சிரும்" என்றார் ஆண்டியப்பன்.

பேச்சியம்மா தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள். அவள் பறித்துக் கொண்டுவரும் கொழுந்தை நிறுப்பதும் எடையில் கழிப்பதும் இவர் கையில். வேறென்ன சொல்வாள். நானும் அவள் பின்னாலேயே இறங்கினேன். பிரியந்தி உள்ளே கதவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் வங்கியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் கிஷாந்தின் கடைக்குப் போனாள். திருவிழா டேப் அவனிடம் பத்திரமாக இருந்தது. வியாழக்கிழமை மாலை, ஐந்தரை மணி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேரே மேல் லயத்துக்கு ஏறி, கைப்பையிலிருந்து டிவிடியை எடுத்துப் பேச்சியம்மாவிடம் கொடுத்தாள். பக்கத்து வீட்டுக் காம்பராவில் ப்ளேயர் இருந்தது. போட்டுப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரப் படத்தில் முக்கால்வாசி ஆண்டியப்பன்தான். பரிவட்டம் கட்டிக்கொள்கிறார், மாலை வாங்குகிறார், தேர்க்காரர்களுக்கு விரலை நீட்டி வழி சொல்கிறார். தர்ஷினி பதினொரு வினாடி வந்தாள். பேச்சியம்மா அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாளாம்.

செய்தி பரவாமல் இருக்குமா. எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நான் கிஷாந்திடம் மிச்ச முப்பத்தொன்பதையும் எழுதச் சொல்லி, 'கோயில் கமிட்டி சார்பில்' என்று உறையில் போட்டு வீடு வீடாகக் கொடுத்தேன். தலைவர் வீட்டுக்கும் ஒன்று போனது.

ஆண்டியப்பன் டிவிடியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு போட்டுப் பார்த்தார். தான் வருகிற இடங்களில் படம் நன்றாக இருந்ததால் அவருக்குத் திருப்தி.

"நல்லா எழுதியிருக்கான். எந்த ரைட்டராம்?"

"கறுப்புதாம்ப்பா" என்றாள் பிரியந்தி. "நீங்க வேணாம்னு தள்ளுனீங்களே, அதே கம்பெனி, அதே மாடல்."

அவர் திரையைப் பார்த்தார். திரையில் அவருக்கு மாலை விழுந்துகொண்டிருந்தது.

"அது வேற லொட்டுல, வேற சரக்கோட வந்ததா இருக்கும்" என்றார். "நமக்குக் குடுத்தது கழிவு."

இதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். தைமாதம் கமிட்டியின் வருடாந்தக் கூட்டம் வந்தது. டிவிடி விஷயத்தில் தலைவர் எடுத்த சிரத்தைக்கு நன்றி தெரிவித்து ஒரு தீர்மானம் போட வேண்டுமென்று நாலைந்து பேர் சொன்னார்கள். அதில் மூன்று பேருடைய பிள்ளைகள் தொழிற்சாலையில் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். என்னுடைய தம்பியும் எழுதிப் போட்டிருந்தான். தீர்மானத்தை நானே எழுதி நானே வாசித்தேன். 'தொழில்நுட்ப வழிகாட்டல்' என்று ஒரு சொல்லும் அதில் சேர்த்தேன்.

மாலை போட்டார்கள். ஆண்டியப்பன் எழுந்து, ஒரு பொருளை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நாற்பது நிமிஷம் பேசினார். பேரேட்டையும் கொண்டுவந்திருந்தார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கொழுந்துக்காரி வேலாயி, பக்கத்திலிருந்தவளிடம், "ஒரு பொட்டி வாங்குறதுக்கா இம்புட்டு? மக கல்யாணத்துக்கு இவரு மாப்புள தேடுனா, அந்தப் புள்ள கெழவியாப் போயிரும்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் மண்டபம் சின்னது. பிரியந்தி முதல் வரிசையில் இருந்தாள். தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அவள் அப்பா அதைப் பார்த்து, பெருமையில் அழுகிறாள் என்று நினைத்துக் குரலை இன்னும் உயர்த்தினார்.

அவருடைய பேச்சு மானேஜர் துரையின் காதுக்கும் போயிருக்க வேண்டும். அடுத்த மாதமே தோட்ட அலுவலகத்துக்கு ஒரு போட்டோகாப்பி மெஷின் வாங்குவதென்று முடிவாகி, எது நல்லதென்று ஆராய்ந்து சொல்லும் பொறுப்பை ஆண்டியப்பனிடம் கொடுத்தார்கள். அவர் புதுப் பேரேடு ஒன்று எடுத்துக்கொண்டார். மூன்று வருஷம் கழித்து நான் பூண்டுலோயாவுக்கு மாற்றலாகிப் போனபோது, மாற்றல் கடிதத்தின் பிரதியைத் தோட்ட அலுவலகத்தில் கார்பன் தாள் வைத்துத்தான் டைப் அடித்துக் கொடுத்தார்கள்.