ரூபியும் உப்புக் கரித்த அசனமும்

ரூபி போய்விட்டாள் என்று அவள் தம்பி போனில் சொன்னபோது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று அழுதேன். அழுகையின் நடுவே அவள் நினைப்பில் சிரிப்பும் வந்துவிட்டது. அவளை அறிந்த உங்களுக்கு இது வியப்பாக இருக்காது.

படிப்பு முடித்த கையோடு, ஏழைகளின் மருத்துவ வசதிக்காகப் பாடுபடும் ஒரு சிறு அமைப்பில் இருவரும் ஒன்றாகச் சேர்ந்தோம். ராஜபாளையத்தில் அலுவலகம். எனக்கு அது வேலை. அவளுக்கு ஒரு வைராக்கியம். சிறுவயதில் அவளுக்குத் தொண்டைவலியும் காய்ச்சலும் அடிக்கடி வரும். ஆஸ்பத்திரி காலையில் மட்டும்தான். அம்மாவுக்கோ பஞ்சு மில்லில் காலை ஷிப்ட். ஒருவழியாகக் கொண்டுபோய்க் காட்டியபோது, கவனிக்காமல் விட்ட அந்தக் காய்ச்சலே இதயத்தைப் பழுதாக்கியிருந்தது. "எங்கம்மா மேலயும் தப்பில்ல, டாக்டர் மேலயும் தப்பில்ல. தொறக்குற நேரந்தான் தப்பு. அதை மாத்தாம விடமாட்டேன்" என்பாள்.

அவள் ஊரான தளவாய்புரத்தில் சாயங்கால மருத்துவமனை கேட்டு நடையாய் நடந்தோம். "ஒரு முகாம் நடத்துங்கள், பெண்கள் வந்தால் மேலே எழுதுகிறேன்" என்றார் மருத்துவ அலுவலர். ஊரே கூடும் நாளாக இருக்கட்டும் என்று சர்ச்சில் அசனம் போடும் நாளைப் பிடித்தோம். சர்க்கரைப் பரிசோதனை, வெறும் வயிற்றில் வரவேண்டும் என்று ஆட்டோவில் அறிவிப்பும் செய்தோம். ஊருக்கே விருந்து போடும் நாளில் வெறும் வயிறு! எங்களைத் தவிர வேறு யாருக்கு இந்த யோசனை வரும்?

காலையில் ஆண்கள் வரிசையாக வந்து கையை நீட்டினார்கள். பெண்களைக் காணோம். எல்லோரும் அண்டாக்களைச் சுற்றி நின்றார்கள். கறிக்குழம்பு கொதித்து, உப்புப் பார்க்கும் நேரம். பார்த்துவிட்டால் அப்புறம் ஏது வெறும் வயிறு? அலுவலர் புறப்படத் தயாரானார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏட்டி மீனா, அழுவாத. மேசையத் தூக்கு!" என்றாள் ரூபி என்னிடம்.

இருவருமாக மேசையை அண்டாக்களுக்கு நடுவே கொண்டுபோய்ப் போட்டோம். ரத்தம் கொடுத்து முடித்திருந்த ஆண்களைப் பார்த்துக் கை தட்டினாள் ரூபி. "பெரியப்பா, சித்தப்பா, எல்லாரும் வாங்க. இன்னைக்கு உப்புப் பாக்குறது நீங்கதான். பொம்பளைய ரத்தம் குடுத்துட்டு வருவாக!"

பெண்கள் மேசைக்கு முன்னால் வரிசையாக நின்று கையை நீட்டினார்கள். பெரியப்பா நக்கிப் பார்த்து, "செத்த குறையுது" என்று ஒரு கை போட்டார். அவர் நகர்ந்ததும் சித்தப்பாவும் ஒரு கை போட்டார். பின்னால் வந்தவர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? அன்றைய குழம்பை வாயில் வைக்க முடியவில்லை. ஊரே தண்ணீர் குடித்துக் குடித்துச் சிரித்தது. அலுவலரும் ஒரு செம்பு தண்ணீரைக் காலி செய்துவிட்டு, "எம்புட்டுப் பொம்பளைய! எழுதிர்றேம்மா" என்றார். எழுதவும் செய்தார். சாயங்கால மருத்துவமனை இன்றும் நடக்கிறது.

அதன்பிறகு நாங்கள் எந்தத் திட்டம் போட்டாலும் ரூபி ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்: "எல்லாஞ் சரி, உப்புப் பாக்குறவ எப்ப வருவா?" புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் விழிப்பார்கள். அவள் குழம்புக் கதையைச் சொல்வாள், சொல்லி முடிப்பதற்குள் அவளே சிரித்துவிடுவாள்.

அவளிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். அதை முதன்முதலாக நான் கேட்டது அவளுக்காகவே. காலை பதினோரு மணிக்கு அடக்கம் என்றார் போதகர். "ஐயா, ஷிப்ட்ல இருக்கிறவங்க எப்ப வருவாங்க?" என்றேன். அவர் அடக்கத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றினார்.

மில்லிலிருந்து நேராக, தலையில் ஒட்டிய பஞ்சோடு, அத்தனை பெண்களும் வந்திருந்தார்கள்.