பாறைமேல் நாங்கள் நட்ட கொடிகள்

பாறை உச்சியில் கொடி நடுவதும் ஒரு தொழில்தான். கூலி கிடையாது என்பதால் யாரும் அதைத் தொழிலில் சேர்ப்பதில்லை. யுத்தத்துக்கு முந்தைய சில வருடங்கள் அதுதான் என் வேலை. வத்தல்மலைக்காரர்கள் தங்கள் பாறைத் தேனைத் தாங்களே எடுக்க வேண்டும், வனக் குத்தகைக்காரர்கள் குறுக்கே வரக்கூடாது என்பது எங்கள் சங்கத்தின் கோரிக்கை. நான் துண்டுப் பிரசுரம் படித்தே எழுத்துக் கற்றவன். மலையில் படிப்பவர்கள் இல்லை, ஆகவே சங்கக் கொடி. என்னோடு ஏறியவன் சடையன், அந்த மலையில் சாமை விதைத்துத் தேனும் எடுப்பவன். ஜெயில் கண்ட தோழர்களே, உங்கள் முழங்காலைத் தடவிக்கொண்டே படியுங்கள்.

இண்டூர் மொட்டைப் பாறை

பிடித்துக்கொள்ள விரலளவு விளிம்புகூட இல்லாத சரிவு. கை பலம் இங்கே உதவாது. நிமிர்ந்து நடந்தால் உள்ளங்கால் ஒட்டும். பாறையோடு சாய்ந்தால் வழுக்கும். ஆனால் பயம் சாயத்தான் சொல்லும். போலீஸ் தடிக்கு முன்னால் பின்வாங்காத நான் பாதியில் நின்றுவிட்டேன். மேலே உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த சடையன் சொன்னான்: “நின்னா வழுக்கும்ங்கண்ணா. யோசனைய மேல வந்து வெச்சுக்குங்க.”

மொரப்பூர் வெடிப்பு

ரயிலில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று தேர்ந்தெடுத்த பாறை. இரண்டாகப் பிளந்த அதன் இடுக்கில் ஒரு பக்கம் முதுகு, எதிர்ப்பக்கம் பாதம் என்று முட்டுக்கொடுத்து ஏற வேண்டும். இங்கே விழுவோம் என்ற பயம் இல்லை, சிக்கிக்கொள்வோம் என்ற பயம். தொடை எரிந்தது, முதுகுத் தோல் சட்டையோடு போயிற்று. ஆனாலும் கொடி பறந்தது.

மூன்றாம் நாள் அதைப் பார்ப்பதற்காகவே ரயில் ஏறினேன். எவ்வளவு அழகாகப் பறந்தது! எதிரே இருந்த புளி வியாபாரியிடம், “பாறைமேல என்னமோ பறந்துதே, பாத்தீங்களா?” என்று கேட்டேன். அவர் சொன்னார்: “அந்தப் பக்கம் வெயிலுங்க. நான் அப்பவே ஜன்னலச் சாத்திட்டேன்.”

தொப்பூர் இறக்கம்

அங்கே ஏறி இறங்கியதும் பிடித்துவிட்டார்கள். பூட்ஸ் போட்ட போலீஸ்காரர் எவராலும் ஏற முடியவில்லை. ஆகவே ஏற்றியவனே இறக்க வேண்டும் என்று ஏட்டு உத்தரவு போட்டார். ஏறும்போது கண் முன்னே போகும். இறங்கும்போது கால் குருடு. சொந்தக் கையால் கொடியை அவிழ்த்துக்கொண்டு இறங்கும்போது உடம்பை விட மனசுதான் கனத்தது. கீழிருந்து ஏட்டு குரல் கொடுத்தார்: “கசக்காம கொண்டாப்பா, கோர்ட்டுல காட்டணும்.”

வத்தல்மலைத் தேன்பாறை

இது செங்குத்து. மேலே மரத்தில் கட்டிய காட்டுக்கொடிக் கயிற்றில் தொங்கி இறங்க வேண்டும். உடம்புக்கு வேலை குறைவு. உயிர் முழுவதும் கயிறு பிடிப்பவன் கையில். யாரையும் நம்பாமல் பழகிய எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். கயிற்றைப் பிடித்த சடையன், “அண்ணா, இங்க துணி கட்டுனா...” என்று ஏதோ தொடங்கினான். சங்கத்தில் தீர்மானம் ஆகிவிட்டது என்று அவன் வாயை அடைத்தேன். ரகசியம் வெளியே போகக்கூடாது, மனைவியிடம்கூடச் சொல்லாதே என்றும் சொல்லியிருந்தேன். எந்தப் போலீசும் தொட முடியாத இடத்தில், தேனடைகளுக்கு நடுவே கட்டினேன். மலை இறங்கும்போதே இருவரையும் கைது செய்தார்கள். பங்குனி மாதம் அது.

புரட்டாசியில் விடுதலையாகி இருவரும் மலை ஏறினோம். கொடி வெளுத்துப்போய் இன்னும் பறந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சடையன் அதைப் பார்க்கவே இல்லை. குத்தகைக்கு எடுத்த பாறையில் அடையாளமாகத் துணி கட்டுவது அங்கே வழக்கம் என்பதை அவன் வீட்டு வாசலில்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஒரு பாறைதான் குத்தகைக்குப் போகாமல் மிஞ்சியிருந்தது. அவன் மனைவி பொன்னி எலும்பும் தோலுமாக இருந்தாள். அது எங்கள் கொடி என்று நான் சொன்னதும் அவள் சொன்னாள்: “அதயும் ஏலத்துல எடுத்துட்டாங்கன்னு ஒருத்தரும் கிட்டப் போகலீங்க. தேனு இல்லாம வெதச் சாமையத் தின்னுட்டோம். ஆடில வெதைக்க ஒண்ணும் இல்ல, நெலம் சும்மா கெடக்குது. நம்ம கொடின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதுங்களா?”

எந்தக் குத்தகைக்காரனாலும் அடைக்க முடியாத அந்தப் பாறையை ஒரு பருவம் முழுவதும் அடைத்து வைத்த பெருமை எங்கள் சங்கத்துக்கே உரியது.