இருபது பேருக்கான அடுப்பு

பஹ்ரைனில் குளிர் என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். குதைபியாவில் நாங்கள் இருந்த பழைய வீட்டில் ஒரு ஜனவரி மாதம் இருந்து பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். வெயிலுக்கென்றே கட்டிய வீடு அது. கூரை எட்டாத உயரம். எந்தக் கதவும் அதன் நிலையோடு ஒட்டி நின்றதில்லை. சன்னலைச் சாத்திய பிறகும் சுவர்க் காலண்டர் படபடவென்று அடித்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் கட்டியாகக் கிடக்கும். உம்மா அதைக் கரண்டிக் காம்பால் தோண்டி எடுத்துத்தான் எனக்குத் தலைவாரி விடுவார்கள்.

எனக்கு அப்போது எட்டு வயது. தம்பி பிறந்து மூன்று மாதம். அவன் நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விடும்போதெல்லாம் பூனைக்குட்டி மாதிரிச் சத்தம் வந்தது. ஒருநாள் பகல் சாப்பாட்டில் உம்மா சொல்லிவிட்டார்கள்.

"இந்த வீட்டுக்குள்ள சூடு வந்தா இருப்பேன். இல்லேன்னா புள்ளையளக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போயிருவேன்."

எங்கள் ஊர் வழக்கப்படி அதில் அதிசயம் ஏதுமில்லை. ஆண்கள் கடல் கடந்து சம்பாதிப்பார்கள். பெண்கள் தாய்வீட்டிலேயே இருந்து பிள்ளை வளர்ப்பார்கள். பெண்சாதி பிள்ளைகளைக் கூடவே வைத்துக்கொண்ட வாப்பாதான் அதிசயம். உம்மா 'காக்கா' என்று கூப்பிடுகிற அண்ணன், என் மாமா, மனாமா சந்தையில் மளிகைக்கடை வைத்திருந்தார்கள். மாமியை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கிறவர்கள் அவர்கள்.

"வியாழக்கிழமை ப்ளைட்ல சீட் இருக்கு மச்சான். போட்டுரவா?" என்று கேட்டார்கள் மாமா.

"கொஞ்சம் பொறுங்க மச்சான்," என்றார்கள் வாப்பா.

முதலில் கரண்ட் ஹீட்டர் ஒன்று வந்தது. பிளக்கைச் செருகியதும் எங்கள் வீட்டோடு பக்கத்து வீடு இரண்டும் இருண்டன. வீட்டுக்காரர் ஓடிவந்து, "ஹீட்டர் மாஃபி! கலாஸ்!" என்று அரபியில் கத்தி, ஹீட்டரே கூடாதென்று காற்றில் கையை வெட்டிவிட்டுப் போனார். அதன்பிறகுதான் விறகு அடுப்பு என்ற யோசனை வந்தது. குளிர்காலத்தில் அரபிகள் பாலைவனத்தில் கூடாரமடித்துத் தங்குவார்கள். அவர்களுக்கான சாமான் விற்கிற கடைக்கு எல்லாருமாகப் போனோம்.

கடையில் இருந்தவர் மலையாளி. மூன்று அடுப்பு காட்டினார். முதலாவது, கரி போடுகிற திறந்த தட்டு. "வாணாச்சட்டிக்குக் கால் மொளச்ச மாதிரி இருக்கு," என்றார்கள் மாமா. கடைக்காரரே மறுத்துத் தலையசைத்துவிட்டார். "வீட்டுக்குள்ள வேண்டாம் இக்கா. புகை போக வழியில்லாம மூடின ரூம்ல தூங்கினா எழும்ப மாட்டீங்க." உம்மா தம்பியை இறுக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்கள்.

இரண்டாவது, தகரத்தில் செய்த சின்ன அடுப்பு, புகைக்குழாயோடு. மூன்றாவது வார்ப்பிரும்பு. கடை மூலையில் கன்றுக்குட்டி படுத்திருப்பது போல இருந்தது.

"வீட்ல எத்தனை பேரு இக்கா?"

"நாலு பேர்."

"அப்ப சின்னதே போதும்."

இங்கேதான் வாப்பாவின் பழைய பெருமை குறுக்கே வந்தது. ஊரில் கல்யாண வீடென்றால் எத்தனை பேருக்கு எத்தனை படி அரிசி என்று வாப்பாவிடம்தான் கேட்பார்கள். வாப்பாவின் அளவு ஒன்றே ஒன்று: மிஞ்சினால் பரக்கத், குறைந்தால் மானக்கேடு.

"நாலு பேருக்கு நாலு பேர் அளவா? யாராச்சும் விருந்தாளி வந்தா?"

"வந்தவனுக்கு ஒரு கை சூடு அள்ளி வைக்கணுமே," என்றார்கள் மாமா.

உம்மா பெரிய அடுப்பின் மேல்பக்கத்தைத் தடவிப் பார்த்து, "பால்சட்டி உக்காரும்," என்று மட்டும் சொன்னார்கள்.

"இக்கா, இது இருபது பேர் இருக்குற கூடாரத்துக்கு உள்ளது," என்று கடைக்காரர் மன்றாடினார்.

"இருபதா!" வாப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

புகைக்குழாய் வெளியே போக வழி வேண்டும். சுவரை உடைத்தால் வீட்டுக்காரர் எங்களை உடைப்பார். ஆகவே சன்னல் ஏசியைக் கழற்றி நடையில் இறக்கிவைத்து, அந்தப் பொந்தைத் தகரத்தால் அடைத்து, குழாயை அதன்வழியே விட்டார்கள். அந்தி மஃரிப் தொழுதுவிட்டு வந்து, பிஸ்மி சொல்லி, வாப்பா விறகு அடுக்கினார்கள். கல்யாணச் சட்டிக்கு அடுக்குகிற மாதிரியே அடுக்கினார்கள்.

கால்மணி நேரத்தில் எண்ணெய் உருகியது. "மாஷா அல்லாஹ்," என்றார்கள் உம்மா. தம்பியின் குல்லாவைக் கழற்றினோம். பிறகு காலுறை. பிறகு சட்டை. மாமா பனியனோடு நின்றார்கள். காலண்டர் சுருண்டது. அடுப்பின் வயிறு சிவந்தது. சன்னல்களைத் திறந்தோம், வாசல் கதவையும் திறந்தோம், போதவில்லை.

"ஏசியப் போடுங்களேன்!" என்று உம்மா கத்தினார்கள்.

எல்லாரும் நடையைப் பார்த்தோம். ஏசி தரையில் உட்கார்ந்திருந்தது.

"தண்ணிய ஊத்துவோமா?" என்றார்கள் மாமா.

"இரும்பு வெடிச்சிரும் மச்சான்!"

வேறு வழியில்லை. தம்பியை இரண்டு போர்வைக்குள் பொதிந்து, ஆளுக்கொரு போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுமுற்றத்துக்கு வந்து உட்கார்ந்தோம். தலைக்குமேலே குளிர்காற்று விசிலடித்தது. ஆளில்லாத அறை திறந்த கதவு வழியாகச் செக்கச்செவேலென்று தெரிந்தது. இருபது பேருக்கான சூடு அங்கே வீணாகிக்கொண்டிருந்தது.

மாமா சிரித்துச் சிரித்து இருமினார்கள். இருமி முடித்து, கொஞ்சம் இரக்கமாகவே கேட்டார்கள்.

"இனி என்ன மச்சான்? டிக்கட்டப் போட்டுருவோம்."

வாப்பாவின் முகமெல்லாம் கரி. குழாயைத் தெரியாமல் பிடித்துவிட்ட கையை மெல்ல ஊதிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். உம்மா அந்தக் கையைக் கொஞ்சநேரம் பார்த்தார்கள். பிறகு மாமா பக்கம் திரும்பினார்கள்.

"எதுக்குக் காக்கா டிக்கட்டு? இப்ப எங்க குளிருது? குளிருதான் போயிருச்சே."

சொல்லும்போதே உம்மாவின் பல் கடகடவென்று அடித்தது.

"பொய்! உம்மாக்குப் பல்லு ஆடுது!" என்றேன் நான். மதரசாவில் அந்த வாரம்தான் பொய் சொல்வதன் பாவத்தைப் படித்திருந்தேன். உம்மா போர்வைக்குள் இழுத்து என் வாயைப் பொத்தினார்கள். வாப்பா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். அடுப்பில் அப்படித் தோற்றுப்போனவருக்கு இவ்வளவு சந்தோஷம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் பெரிய அடுப்பைக் கொடுத்துச் சின்னதை வாங்கினோம், தம்பியின் நெஞ்சும் தெளிந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் முற்றத்தில் உட்கார்ந்த அந்த ராத்திரி என் கவலையெல்லாம் உம்மாவின் ஆகிரத்தை, அந்த மறுமை வாழ்வைப் பற்றித்தான். இரவு இஷா தொழுததும் இரண்டு கையையும் ஏந்தி அழுது துஆக் கேட்டேன்:

"யா அல்லாஹ், எங்க உம்மா தெரியாம ஒரு பொய் சொல்லிட்டாங்க. மன்னிச்சிரு."

தெரிந்தேதான் சொன்னார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.